தூதரகத்தைக் கொளுத்திய கையோடு மேல்படிப்பு

வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்புகிறவர்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கும் வழக்கம் 1863-ல் இல்லை. இருந்திருந்தால் ஜப்பான் தன் முதல் பிரதமரை வேறெங்காவது தேடியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு. எடோவை, அதாவது இன்றைய டோக்கியோவை, ஒட்டிய ஷினாகவாவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்காகப் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் குடிவரவில்லை. சோஷு என்ற மேற்கு ஜப்பானியச் சிற்றரசின் இளைஞர்கள் சிலர் வேலியை அறுத்து உள்ளே நுழைந்து அதைக் கொளுத்தினார்கள். ரம்பம் கொண்டுவந்த பொறுப்பான பிள்ளையின் பெயர் இட்டோ, வயது 21. பின்னாளில் இட்டோ ஹிரோபூமி. உடன் இருந்தவர்களில் இனோவே கௌரு ஒருவர், யமாவோ யோசோ இன்னொருவர். பேரரசரைப் போற்று, அந்நியனை விரட்டு என்பது இவர்கள் கட்சி. அடுத்த சில வாரங்களில் இட்டோவும் யமாவோவும் வதந்தி ஒன்றை நம்பி ஹனாவா என்ற அறிஞரை வெட்டிக் கொன்றார்கள். வதந்தி பொய். அதற்காக யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

ஐந்து மாதம் ஆகவில்லை, மூவரும் லண்டனுக்குப் படிக்கக் கிளம்பிவிட்டார்கள். கூடவே எண்டோ கின்சுகே, இனோவே மசாரு என்று இருவர். ஆக ஐந்து பேர்.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்நியனை விரட்டக் கடற்படை வேண்டும். கடற்படை அந்நியனிடம்தான் இருக்கிறது. எனவே அவனிடமே போய்க் கற்றுக்கொண்டு வந்து அவனையே அடிப்பது. குருதட்சிணையாகப் பீரங்கிக் குண்டு தரும் திட்டம் இது.

சிக்கல் என்னவென்றால், ஜப்பானியர் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கு ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சியில் மரண தண்டனை. 1630-களில் போட்ட சட்டம், இன்னும் உயிரோடு இருந்தது. இட்டோவின் ஆசிரியர் யோஷிதா ஷோயின் 1854-ல் படகேறி அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பலுக்கே போய், கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சினார். அமெரிக்கர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் சிறைக்குப் போனார். பிறகு வேறொரு வழக்கில் 1859-ல் தலை போயிற்று. ஆசிரியருக்குக் கிடைக்காத சீட்டை மாணவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். சோஷு அரசு துப்பாக்கி வாங்க ஒதுக்கிவைத்திருந்த பணத்தை ஈடாகக் காட்டி 5,000 ரியோ கடன் புரட்டினார்கள். ஆளை ரகசியமாக ஏற்றி அனுப்பும் பொறுப்பை ஜார்டின் மாதசன் கம்பெனி எடுத்துக்கொண்டது. சீனாவுக்குள் அபினி கடத்திப் பெருத்த கம்பெனி அது. ஐந்து மாணவர்களைக் கடத்துவது அதற்குச் சில்லறை வேலை.

ஜூன் 27 அன்று யோகோஹாமாவில் கப்பல் ஏறினார்கள். குடுமியை வெட்டியாயிற்று. உடம்புக்குப் பொருந்தாத கோட்டு, காலைவிடப் பெரிய பூட்சு, ஒளிந்துகொள்ள நிலக்கரிக் கிடங்கு. இதற்கு இரண்டு நாள் முன்புதான் இவர்களுடைய சொந்த அரசு, ஷிமோனோசெகி நீரிணையில் போன அமெரிக்கக் கப்பலைச் சுட்டு, அந்நியரை விரட்டும் திருப்பணியை முறைப்படி தொடங்கியிருந்தது. பிள்ளைகளோ அந்நியன் கப்பலில் கரி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஷாங்காய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எண்ணி மாளவில்லை. அதைப் பார்த்ததும் இனோவே கௌருவுக்கு ஞானம் வந்துவிட்டது. இவர்களையாவது, விரட்டுவதாவது, நாட்டைத் திறந்துவிடுவதே புத்தி என்றார். ஊரைவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கொள்கை மாற்றமா என்று இட்டோ கடிந்துகொண்டார். கட்சி மாறுவதில் இந்த வேகம் நம் ஊரில்கூட அபூர்வம்.

அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற நேர்முகத் தேர்வு நடந்தது. எதற்காக இங்கிலாந்து போகிறீர்கள் என்று கம்பெனிக்காரர் கேட்டார். கடற்படைக் கலை கற்க என்று சொல்ல வேண்டும். ஐவருக்கும் ஆங்கிலம் அநேகமாகப் பூஜ்யம். இனோவேக்குத் தெரிந்திருந்த ஒரே ஆங்கிலச் சொல்லை அவர் அடித்துவிட்டார்: நேவிகேஷன்! ஓஹோ, மாலுமி வேலை கற்கும் ஆர்வமா என்று கேட்டவர் புரிந்துகொண்டார். பணம் முழுக்கக் கட்டிய பயணிகளான இட்டோவும் இனோவே கௌருவும் பெகாசஸ் என்ற பாய்மரக் கப்பலில் எடுபிடி மாலுமிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். காசு கொடுத்து வேலை பார்க்கும் பயிற்சித் திட்டம் இந்தக் காலத்துக் கம்பெனிகளின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்க.

சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நான்கு மாதம். பாய் இழு, தளம் கழுவு, உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டும் தின்னு. இட்டோவுக்கு வயிற்றுப்போக்கு வேறு. மாலுமிகளுக்குக் கழிப்பறை கிடையாது. கப்பலின் விளிம்பில் கடலுக்கு மேலே தொங்கித்தான் காரியம் முடிக்க வேண்டும். புயலில் அலை அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க இனோவே நண்பரைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டார். இட்டோ பின்னாளில் வகுக்கவிருந்த ஜப்பானிய அரசியல் சாசனத்தின் எதிர்காலம் பல இரவுகள் அந்தக் கயிற்றில் தொங்கியது.

நவம்பரில் லண்டன் வந்தது. வேறு கப்பலில் வந்த மூவரும் சேர்ந்துகொண்டார்கள். மதம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட யூனிவர்சிட்டி காலேஜில் இடம் கிடைத்தது. பொறுப்பேற்றவர் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் வில்லியம்சன். பன்னிரண்டாம் வகுப்பில் வில்லியம்சன் ஈதர் தொகுப்பு என்று நம்மை உருட்டி எடுத்த அதே மனிதர்தான். அவரும் மனைவி எம்மாவும் சிலரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். நேற்றைய தீவைப்புக்காரர்கள் சோதனைக் கூடத்தில் பன்சன் விளக்கைக் கையாண்டபோது பேராசிரியர் எவ்வளவு நிம்மதியாக இருந்தார்! பின்னணி தெரியாமலிருப்பது எத்தனை பெரிய வரம்.

இங்கிலாந்து வங்கி, ரயில், கப்பல் கட்டும் தளம், தொழிற்சாலை என்று எதையும் விடாமல் பார்த்தார்கள். ஆறு மாதம்கூட முடியவில்லை. சோஷுவைப் பழிவாங்க மேலைநாட்டுக் கப்பல்கள் கிளம்பப்போகின்றன என்ற சேதியை இட்டோவும் இனோவேயும் லண்டன் டைம்ஸில் படித்தார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள். யோகோஹாமாவில் பிரிட்டிஷ் தூதர் ஆல்காக்கைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள், எங்கள் பெரியவர்களிடம் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். அவரும் இரண்டு போர்க்கப்பலைக் கொடுத்து இவர்களை ஊரில் இறக்கிவிடச் செய்தார். ஷினாகவா கட்டடம் பற்றிய பேச்சை இட்டோ எடுத்திருக்க மாட்டார் என்று நம்பலாம்.

பெரியவர்கள் கேட்கவில்லை. 1864 செப்டம்பரில் நான்கு நாடுகளின் 17 கப்பல்கள் வந்து சோஷுவின் பீரங்கி மேடைகளை நொறுக்கின. சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. இட்டோவின் அரைகுறை ஆங்கிலத்துக்குத் திடீர் மவுசு. இனோவேக்குக் கிடைத்தது வேறு பரிசு. வெளிநாட்டு ஆதரவாளன் என்று தேசபக்தர்கள் இருட்டில் மடக்கி உடம்பெல்லாம் வெட்டினார்கள். என் தலையைச் சீவிவிடு என்று அண்ணனிடம் அவர் சைகை காட்ட, அம்மா குறுக்கே விழுந்து தடுத்தார். மருத்துவர் ஒருவர் பாய் தைக்கும் ஊசியால் தைத்துப் பிழைக்கவைத்தார். ஒன்றரை வருடம் முன்பு இனோவேயே அந்தத் தேசபக்தர்களுடன் கத்தி தூக்கியிருப்பார்.

உண்மையான வேலை அனுபவம் என்றால் யமாவோவைத்தான் சொல்ல வேண்டும். லண்டனிலேயே தங்கிப் படித்தவர் 1866-ல் கிளாஸ்கோ போக வழிச்செலவுக்குத் தவித்தார். சோஷுவின் பரம எதிரியான சாட்சுமா சிற்றரசின் மாணவர்களும் அப்போது லண்டனில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் போட்டுக் கொடுத்தார்கள். பகலில் நேப்பியர் கப்பல் தளத்தில் சுத்தியல், இரவில் ஆண்டர்சன் கல்லூரியில் வகுப்பு. அந்தத் தளத்தில் காது கேளாத தொழிலாளிகள் கைச்சைகையால் பேசிக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ததைக் கண்டார். 1871-ல், ஜப்பானில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதினார். ஐவரில் எனக்குப் பிடித்தவர் யாரென்றால், ஹனாவா கொலை ஒன்று மட்டும் இல்லாவிட்டால், இவர்தான். இரவு வகுப்பில் உடன் படித்த ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிற்பாடு யமாவோ இருந்த அரசுத் துறை டோக்கியோவில் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக வந்து சேர்ந்தார்.

இனோவே மசாரு ரயில் போட்டார். 1872-ல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. எண்டோ ஒசாகா நாணயசாலைத் தலைவராகி, 1883-ல் அதன் செர்ரி மரச் சாலையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார். இட்டோ 1885-ல் முதல் பிரதமர். அரசியல் சாசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேரரசு நடத்துவது எப்படி என்ற பாடத்தையும் அவர் லண்டன்காரர்களிடம் கற்றிருந்தார். கொரியாவில் அதைப் பரீட்சித்துப் பார்த்தார். 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங்-குன் என்ற கொரியர் அவரைச் சுட்டுக் கொன்றார்.

வெளியுறவு அமைச்சரான இனோவே கௌருவோ 1883-ல் டோக்கியோவில் ரோகுமேய்கான் என்ற நடன மாளிகையைக் கட்டினார். ஜப்பானியரும் வால்ட்ஸ் ஆடுவார்கள் என்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்டினால், பழைய அநியாய ஒப்பந்தங்களைத் திருத்த ஒப்புக்கொள்வார்கள் என்பது கணக்கு. 1887 ஏப்ரலில் பிரதமர் மாளிகையில் மாறுவேட நடனம். இட்டோ வெனிஸ் நகரப் பிரபுவாக வந்தார். ஊர் காறித் துப்பியது. தூதர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஆடினார்கள். ஒப்பந்தங்கள் மட்டும் திருத்தப்படவில்லை. செப்டம்பரில் இனோவே ராஜினாமா செய்தார்.