சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

1787-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கல்கத்தா போவதற்காகக் கப்பலேறி, வழியில் சென்னையில் இறங்கினார். இறங்கினவர் கல்கத்தாவை மறந்துபோனார். கடற்காற்றில் மயங்கினார் என்று எழுத ஆசைதான், மயக்கியது சம்பளம். இரண்டே வருஷத்தில் எட்டு ராணுவப் பாதிரிப் பதவிகளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார். எட்டு இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில்தானே வருகிறது என்ற சங்கடமான கேள்வியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கர்கள் கிளப்பியதாகத் தெரியவில்லை.

இதற்கு நடுவில், எழும்பூரில் வெள்ளைச் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்காக 1789-இல் தொடங்கிய அநாதை விடுதியையும் மேற்பார்வை பார்க்க ஒப்புக்கொண்டார். இதற்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்றார். ஒன்பதாவது சம்பளத்தை வைக்கப் பெட்டியில் இடம் இருந்திருக்காது.

விடுதி வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவில்லை, சொன்னால் கேட்கவும் தெரியவில்லை. பெல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாளில், ஒரு காலை குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பலகை இல்லை, மை இல்லை, காகிதம் இல்லை. தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு. மறுபடியும் புது ஏடு. பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பி, “கண்டுபிடித்துவிட்டேன்” என்று கத்திக்கொண்டே விடுதிக்குப் பறந்ததாக அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் கண்டுபிடித்தது வேறு யாரையும் அல்ல, நம் சட்டாம்பிள்ளையைத்தான்.

மணலில் எழுதவைக்கச் சொன்னால் விடுதி வாத்தியார்கள் மூக்கைச் சுளித்தார்கள். சரி, போங்கள் என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைப் பிடித்து வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர்களால் ஆகாத காரியம் எட்டு வயசில் நடந்துவிட்டது. வாத்தியாருக்குக் கொடுக்கவேண்டிய காசு மிச்சம் என்பது பெல்லின் கண்ணுக்குச் சட்டென்று பட்டது. எட்டுச் சம்பளக்காரர் அல்லவா.

1796-இல் சுமார் 25,000 பவுனோடு ஊர் திரும்பினார். மறுவருஷம் லண்டனில் புத்தகம் போட்டார். ‘சென்னை முறை’ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. இதே வித்தையைத் தானும் கண்டுபிடித்ததாக ஜோசப் லங்காஸ்டர் என்பவர் கிளம்பினார். ஒரு வாத்தியார் இருந்தால் 1,000 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்றார். அவர் பக்கம் மாற்றுச் சபைக்காரர்கள், பெல் பக்கம் அரசாங்கச் சபைக்காரர்கள். யார் முதலில் என்று வருஷக்கணக்கில் சண்டை. மூன்றாவதாக ஒருவர், நிஜமான முதலாமவர், எழும்பூர்ப் பக்கம் ஏதோ ஒரு திண்ணையில் மதியத் தூக்கத்தில் இருந்தார். அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

லங்காஸ்டருக்குப் பிரம்பு பிடிக்காது, இரக்க சுபாவம். அதனால் சேட்டை செய்யும் பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். இதிலும் நாம்தான் முன்னோடி. 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், தன் ஜில்லாவில் சோம்பேறிப் பையன்களின் இரண்டு கைகளையும் கட்டிக் கூரைக் கப்பியில் தூக்குவார்கள், இல்லையென்றால் ஓயாமல் உட்கார்ந்து எழுந்திருக்க வைப்பார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். முன்னதற்குக் கோதண்டம் என்றும் பின்னதற்குத் தோப்புக்கரணம் என்றும் பெயர் உண்டு என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர். இரண்டாவது ஆளுக்கு ஒரு பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே வரிசைக்கிரமமாக ஏறும். கடைசியில் வந்தவன் கூட்டல் வாய்ப்பாட்டை உள்ளங்கையிலேயே கற்றான். இவ்வளவையும் எழுதிவிட்டு, மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை மெச்சத்தக்கது, இங்கிலாந்து அதைக் காப்பியடித்தது சரிதான் என்றும் கேம்ப்பெல் ஒத்துக்கொண்டார். அவர் நியாயமான மனுஷர்.

கேம்ப்பெல் எழுதியது கவர்னர் தாமஸ் மன்றோ கேட்ட கணக்குக்காக. 1826-இல் மன்றோ கூட்டிப் பார்த்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். ஜனத்தொகை 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வருமுன் ஊருக்கு ஊர் சரஸ்வதி தாண்டவமாடினாள் என்று சிலர் இன்றும் கண்ணீர் விடுகிறார்கள். விடட்டும். அந்த 1,88,650-இல் பெண்பிள்ளைகள் சொற்பம். தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணைப் பக்கமே வரமுடியாது. கட்டாயக் கல்வி 19-ஆம் நூற்றாண்டில் வந்தது என்கிறார்கள். கட்டாயக் கல்லாமை அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் இருந்தது. சட்டம் வேண்டியிருக்கவில்லை, அபராதம் வேண்டியிருக்கவில்லை, இன்ஸ்பெக்டர் வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு கச்சிதமாக அமலான கல்விக்கொள்கை இந்த நாட்டில் வேறு இல்லை. அது குழந்தைகளுக்கு நல்லதா என்று ஒருத்தரும் பட்டிமன்றம் வைக்கவில்லை.

பெல்லும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவர் அல்ல. ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, நாள் முழுக்க உடம்பால் உழைக்கப் பிறந்தவர்களை நிலைக்கு மேலே தூக்கிவிட்டால் ஆபத்து என்று எழுதினார். பைபிள் வாசித்தால் போதுமாம். சொன்னவர் யார் என்று பார்த்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் நாவிதரின் மகன். பள்ளிக்கூடம் இல்லாமல் போயிருந்தால் பெல்லும் அப்பாவின் கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருப்பார். 1832-இல் அவரை ராஜாக்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவர் விட்டுப்போன பணத்தில் சொந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. பெயர் மெட்ராஸ் காலேஜ், இன்றும் நடக்கிறது. குளிரில் விறைத்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மெட்ராஸில் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் பெரும்பகுதி கமிட்டி. ஆலைகளுக்குச் சின்னக் கைகள் தேவைப்பட்டவரை கல்வி ஆடம்பரமாக இருந்தது. 1862-இல் ராபர்ட் லோ என்ற மந்திரி, பிள்ளை பரீட்சையில் தேறினால் பள்ளிக்கு மானியம், தேறாவிட்டால் பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு என்று உத்தரவு போட்டார். உடனே ஒவ்வொரு மாணவனும் நடமாடும் ஷில்லிங்காக மாறினான். வாத்தியார்கள் மாணவர்களை அவ்வளவு பாசத்தோடு அதற்கு முன் பார்த்ததில்லை. மனப்பாடம் என்ற மகாவித்தை மேலைநாட்டில் அப்போது கொடிகட்டிப் பறந்தது. அதே மானியமுறை சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்து சேர்ந்தது. நாம் மணலை அனுப்பினோம், அவர்கள் பரீட்சையை அனுப்பினார்கள். 1880-இல் 5 முதல் 10 வயது வரை எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்று இங்கிலாந்து சட்டம் போட்டது. வீடுவீடாகக் கதவைத் தட்டும் ஆள் வந்தான். அவனைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடினார்கள், அம்மாக்கள் சண்டைக்கு நின்றார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மூத்தவள்தான் இருந்தாள். அவளையும் பிடித்துக்கொண்டு போனால் அம்மா எப்படி வேலைக்குப் போவாள்? சட்டத்தில் பதில் இல்லை, அபராதம் இருந்தது.

இத்தனை காலத்தில் யாரும் கேட்காத ஒரு தரப்பு பாக்கி. அவர்கள் 1911-இல் தாங்களே பேசினார்கள்.

அந்த ஆகஸ்டில் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. ராணுவம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு வகுப்பில் துண்டுச்சீட்டு ஒன்று சுற்றியது: நாமும் வேலைநிறுத்தம் செய்யலாம். சீட்டோடு அகப்பட்ட பையனை வாத்தியார் அடித்தார். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் தெருவில். சில நாட்களில் பிரிட்டன் முழுக்க 60-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிவிட்டது. கோரிக்கைகள் ஊருக்கு ஊர் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: பிரம்பு கூடாது, வீட்டுப்பாடம் கூடாது, பள்ளி நேரத்தைக் குறை, லீவைக் கூட்டு. லிவர்பூலில் ஒருபடி மேலே போய், சட்டாம்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பென்னி சம்பளம் கேட்டார்கள். எழும்பூரிலிருந்து இலவச வேலையாளாகக் கப்பலேறிய சட்டாம்பிள்ளைக்கு நூறு வருஷம் கழித்துத்தான் சொரணை வந்தது.

போராட்டம் சில நாட்களில் அடங்கியது. பிரம்பை ஒழிக்கக் கேட்டவர்களுக்குப் பிரம்பாலேயே பதில் சொன்னார்கள்.

அதே 1911-இல், மார்ச் 16-ஆம் தேதி, இந்தியாவில் கோபால கிருஷ்ண கோகலே சட்டசபையில் எழுந்து எங்கள் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி கொடுங்கள் என்று மசோதா வைத்தார். அங்கே பள்ளியை விட்டு ஓடுகிறார்கள். இங்கே பள்ளிக்காகக் கெஞ்சுகிறார்கள். கோகலே ஒன்றும் சந்திரனைக் கேட்கவில்லை. 6 முதல் 10 வயது வரை, முதலில் ஆண்பிள்ளைகள் மட்டும், அதுவும் ஏற்கெனவே கணிசமான பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஊர்களில் மட்டும், அதுவும் உள்ளூர் நிர்வாகம் இஷ்டப்பட்டால் மட்டும். இதைவிடப் பணிவான கட்டாயம் உலகத்தில் இருந்திருக்காது. ஆனாலும் சபை பதறியது. ஜனங்கள் கேட்கவில்லை என்றது அரசாங்கம். எல்லாரும் படித்துவிட்டால் உழுவது யார் என்றது நிலம் வைத்திருந்த கூட்டம். 1912 மார்ச்சில் ஓட்டெடுப்பு: ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்து ஓட்டுப்போட்ட கனவான்களில் ஒருவர்கூடத் தன் பிள்ளையை உழவுக்கு அனுப்பி உதாரணம் காட்டியதாகத் தகவல் இல்லை.

பரோடா சமஸ்தானத்தில் மட்டும் கதை வேறு. மகாராஜா சாயாஜிராவ் 1893-இல் அம்ரேலிப் பக்கம் சோதனை பார்த்துவிட்டு, 1906-இல் சமஸ்தானம் முழுக்கக் கட்டாயக் கல்வி கொண்டுவந்தார். அவர் 12 வயசுவரை எழுத்து வாசனை அறியாத கிராமத்துப் பையன். தத்து எடுத்து வந்து சிம்மாசனத்தில் உட்காரவைத்த பிறகுதான் அரிச்சுவடியைப் பார்த்தவர். படிப்பு இல்லாமல் முழிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் அறிக்கை எழுதிக் காட்டவேண்டியிருக்கவில்லை.

படிக்காதவர் பள்ளியைக் கொடுக்க, படித்தவர் அதைக் குறைக்கும் இந்த விசித்திரம் தமிழ்நாட்டிலும் தொடர்ந்தது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி பி.ஏ., பி.எல்., கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளி போதும், மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். லனெல்லிப் பையன்கள் கேட்டிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பார்கள். தமிழ்நாடு ஆடவில்லை. குலக்கல்வி என்று ஒரே வார்த்தையில் பெயர் வைத்தது. வக்கீல் மகன் மீதி நேரத்தில் வாதாடப் பழகுவான், சரி. சாக்கடை அள்ளுபவர் மகன் மீதி நேரத்தில் என்ன பழகுவான்? இந்தக் கேள்விக்கு ராஜாஜியின் கூர்மையான மூளையிலும் பதில் இல்லை. 1954-இல் பதவி போனது. அடுத்து வந்த காமராசர் பள்ளியைப் பாதியில் விட்டவர். அவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, முழுநாள் பள்ளி, கூடவே மதியச் சோறு என்றார். சோற்றை 1982-இல் எல்லாக் கிராமத்துக்கும் பெருக்கிய எம்.ஜி.ஆரும் படிப்பைப் பாதியில் விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர்தான்.

சோறு போட்டால் பிள்ளை வரும் என்பது புதிய ஞானமும் அல்ல. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்குள் சாப்பாடு போட ஆரம்பித்து, வேறு சில பள்ளிகளுக்கும் நீட்டியது. 811 ஆக இருந்த பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் 1,671 ஆனார்கள். கல்வி நிதியில் சோறு ஆக்கக்கூடாது என்று 1925-இல் வெள்ளை அரசாங்கம் நிறுத்தியது. பசித்த பிள்ளை பாடம் கேட்காது என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை போலும்.

ஆக, கட்டாயப் பள்ளி குழந்தைக்கு நல்லதா என்று யோசிப்பவர்களின் பட்டியலைப் பார்த்தால் அவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்களாகவே இருக்கிறார்கள். பள்ளிகளே இல்லாத சமுதாயம் வேண்டும் என்று 1971-இல் புத்தகம் எழுதிய இவான் இலிச் டாக்டர் பட்டம் பெற்றவர். இன்று பிள்ளையை வீட்டில் வைத்தே வளர்க்கலாமா என்று காபி டம்ளரோடு ஆலோசிக்கும் தம்பதிகள், மாதச் சம்பளத்துக்கு இரண்டு பட்டங்களைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர்கள். பள்ளி அலுப்பு என்று அவர்கள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. அலுப்பை அனுபவித்து முடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். செங்கல் சூளையிலும் பட்டாசுக் கொட்டகையிலும் அலுப்பு இருந்ததா என்று யாரும் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. எழுதவேண்டிய கைக்கு எழுதத் தெரியாது.

என் கட்சி கட்டாயத்தின் கட்சிதான். ஆனால் கட்டாயப்படுத்தவேண்டியது பிள்ளையை அல்ல, அரசாங்கத்தை: பள்ளியைக் கட்டு, வாத்தியாரைப் போடு, சோற்றைப் போடு, யாரையும் வாசலில் நிறுத்தாதே. இந்திய நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்க, கோகலே தோற்றபின் 97 வருஷம் எடுத்துக்கொண்டது. 2009-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. தேதி தற்செயல் என்றே நம்புவோம்.

1911-இல் தெருவுக்கு வந்த பிள்ளைகளின் கோரிக்கைப் பட்டியலையும் முடித்துவிடலாம். பிரம்பு பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1987-இல் ஒழிந்தது. இங்கே மேற்படிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. லிவர்பூல் கேட்ட காசும் 2022-இல் தமிழ்நாட்டில் வேறு உருவில் வந்தது: அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வீட்டுப்பாடக் கோரிக்கை மட்டும் பெரும்பாலான நாடுகளில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.