வட்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேர்

வங்கி உத்தியோகத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பதும், அதை இத்தனை கமிட்டிகளும் கமிஷன்களும் கவனியாமல் விட்டுவிட்டன என்பதும் என்னுடைய அபிப்பிராயம். அந்தச் சீர்திருத்தம் இன்னதென்று இக்கட்டுரையின் முடிவில் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், சென்ற செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லி என் வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். வயிற்றெரிச்சலோடு எழுதப்படும் சீர்திருத்த யோசனைகளை இந்தத் தேசத்தில் யாரும் மதிப்பதில்லை.

என் கணக்கு இருக்கும் வங்கி தேசத்தின் பெரிய வங்கிகளுள் ஒன்று. அதன் பெயர் வேண்டாம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியைத்தான் சொல்கிறேன் என்று நீங்கள் இதற்குள் தீர்மானித்திருப்பீர்கள், அதைக் கலைப்பானேன்? கே.ஒய்.சி. பத்திரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு நிறுத்தி வைக்கப்படும் என்று கைபேசிக்கு வந்த மிரட்டலுக்குப் பணிந்து, விவரங்களில் மாறுதல் இல்லையென்றால் இல்லை என்று வாடிக்கையாளரே தெரிவித்துவிட்டால் போதும் என ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதையும் படித்து மனத்தில் இருத்திக்கொண்டு, படித்தவனுக்கே உரிய அசட்டு நம்பிக்கையோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கவுண்ட்டரில் இருந்த இளம்பெண் என் பத்திரங்களை வாங்கி வரிசையாகப் பரப்பினார். வங்கிக் கணக்கில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் நிற்கிறது. ஆதாரில் அது பின்னால் போய்விட்டது. பான் அட்டையிலோ, இனிஷியலை அப்படியே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால், என் தகப்பனார் முழு உருவத்தோடு எழுந்தருளி எனக்குக் குடும்பப் பெயராக வீற்றிருக்கிறார்.

"மூணும் வேற வேற பேரா இருக்கே, சார்."

"மூணும் நான்தாம்மா."

"அத நான் சொல்ல முடியாது, சார். அந்த சீட் பார்க்கிறவர் இன்னிக்கு லீவு. நாளைக்கு வாங்க."

அந்த சீட் எது, அதைப் பார்க்கிறவர் நாம் போகிற தினத்தில் மட்டும் ஏன் விடுமுறையில் இருக்கிறார், பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அந்த சீட்டின் காரியம் ஏன் அந்நிய தேசத்து விவகாரமாகப் படுகிறது என்பவற்றையெல்லாம் தமிழ் வாசகர்களுக்கு விளக்கப் புகுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகையால் மேலே போகிறேன்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் என்னைத் துன்புறுத்துவது வேறொரு சிந்தனை. அந்த நாற்காலிக்கு வருவதற்காக அவர் எழுதித் தேறிய முதற்கட்டப் பரீட்சையில் கேள்விகள் 100; அவகாசம் 60 நிமிஷம்; ஆகக் கேள்வி ஒன்றுக்கு 36 விநாடி. அந்தக் கேள்விகளில் உறவுமுறைக் கேள்வி என்று ஓர் இனம் உண்டு. ஒருவன் ஒரு புகைப்படத்தைச் சுட்டிக்காட்டி, 'என் மனைவியினுடைய மாமனாரின் ஒரே மகனுக்குப் பிறந்த பெண் இவள்' என்கிறான். படத்தில் இருப்பவள் அவனுக்கு என்ன வேண்டும்? மகள்! பெற்ற மகளை மகள் என்று சொல்ல மனம் வராமல் மாமனார் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிற அந்த விபரீத மனிதனுடைய பேச்சைப் பிளந்து 36 விநாடியில் உண்மையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவருக்கு, இனிஷியலை முன்னால் வைத்துக்கொண்ட நானும் பின்னால் வைத்துக்கொண்ட நானும் ஒரே ஆசாமிதான் என்பது மத்தியான்னம் வரையில் புலப்படவில்லை என்றால், இதை எந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு விளக்குவது?

முற்காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை என்று சொல்வார்கள். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஊரார் பணத்தை விழுங்கியதும், மறு வருஷமே இந்தியன் வங்கி பிறந்ததும் சரித்திரம். அந்தக் காலத்தில் வங்கிக் குமாஸ்தாவுக்கு வேண்டிய யோக்கியதாம்சங்கள் மணிமணியான கையெழுத்தும், பிழையில்லாத கூட்டலும், பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசுக் கடிதமுமே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசியில் சொன்னது இருந்தால் முதல் இரண்டும் சற்று முன்பின்னாக இருக்கலாம் என்பதும் அவர்கள் வாய்மொழியே. 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகள் தேசவுடைமையாயின. 1980-இல் இன்னும் ஆறு சேர்ந்தன. 1969-இல் 8,262 ஆக இருந்த வங்கிக் கிளைகள் 1991-க்குள் 60,000-ஐத் தாண்டிவிட்டன. அத்தனை நாற்காலிகளையும் சிபாரிசுக் கடிதத்தால் நிரப்புவதற்குத் தேசத்தில் பெரிய மனிதர்கள் போதாது என்பதால், 1975-இல் பம்பாயில் ஆள்தேர்வுக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டு, 1984-இல் அது ஐ.பி.பி.எஸ். என்ற தனி ஸ்தாபனமாகி, 2011 முதல் அரசுடைமை வங்கிகளுக்குப் பொதுவான பரீட்சையையும் நடத்தி வருகிறது. ஸ்டேட் வங்கி மாத்திரம் தன் பரீட்சையைத் தானே நடத்திக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்தப் பெரிய மனிதரின் திண்ணையிலும் காத்து நிற்காத ஒரு குடியானவரின் மகள் இன்று கவுண்ட்டருக்கு அந்தப் பக்கத்தில் அமர்ந்து, என்னை இந்தப் பக்கத்தில் நிற்க வைக்கிறாள் என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. கால் வலி மட்டும் இல்லாவிட்டால் அந்த நியாயத்தை இன்னும் நன்றாக ரசிப்பேன்.

ஆனால் வட்ட மேஜையை நான் எப்படி மன்னிப்பது?

பக்கத்து வீட்டுப் பையன் இந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய வழிகாட்டிப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். ஒரு வட்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய் தந்தையர் இட்ட நாமதேயம் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். நால்வர் மேஜையை நோக்கி அமர்ந்திருக்க, மற்ற நால்வர் மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறார்கள். ஏ என்பவர் டிக்கு இடப்புறம் மூன்றாவது. மாம்பழப் பிரியரின் இரு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே திசையை நோக்குகிறார்கள். சிக்குப் பலாப்பழம் ஆகாது. எஃப்புக்கு நேர் எதிரே இருப்பவர், புதன்கிழமை ஊருக்குப் போகிறவருக்கு அடுத்தவர் அல்லர். இப்படியிருக்க, கொய்யாப்பழப் பிரியருக்கு வலப்புறம் இரண்டாவதாக அமர்ந்திருப்பவர் யார்?

யாராயிருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இரவு படுத்த பிறகு சந்தேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழ ஆரம்பித்தன. இவர்களைக் கூட்டியவர் யார்? எந்த விஷயத்தைப் பற்றி யோசிப்பதற்காகக் கூடியிருக்கிறார்கள்? முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நால்வருக்கும் மற்ற நால்வருக்கும் என்ன மனஸ்தாபம்? சம்பந்திச் சண்டையா, பாகப்பிரிவினையா? பழங்களின் மேல் இத்தனை பிரியம் உள்ளவர்களுக்கு, புத்தகத்தின் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் எங்காவது ஒரு வாழைப்பழத்தையாவது யாராவது கொண்டுவந்து வைத்தார்களா? லண்டனில் 1930 முதல் 1932 வரை வட்டமேஜை மாநாடு மூன்று முறை கூடியது. காரியம் எப்படிப் போனாலும், வந்தவர்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். இந்த எட்டுப் பேரும் எழுந்திருக்கிறதே இல்லை. அடுத்த அத்தியாயத்தில் மேஜை மட்டும் சதுரமாகிவிடுகிறது. நால்வர் மூலைகளுக்கும், நால்வர் பக்கங்களின் நடுவுக்கும் மாற்றப்படுகிறார்கள். அதற்கடுத்த அத்தியாயத்தில் மேஜையே போய்விடுகிறது. பாவம், வடக்கும் தெற்கும் பார்த்த இரண்டு வரிசைகளில் முகத்தோடு முகம் பார்க்க நேர்கிறது. பிறகு எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் மாடிக்கு ஒருவராகக் குடியேறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு கார், எட்டாவது மாடிக்காரருக்கு மஞ்சள் நிறம் அல்ல. சற்று நிம்மதியாக இருக்கப் போகிறார்களாக்கும் என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டினால், அங்கே மனிதர்களையே காணோம். ஏ முதல் எச் வரை எட்டுப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன! அவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதைப் பற்றிப் புத்தகம் மூச்சு விடவில்லை.

எட்டுப் பேரிலும் என் மனத்தை வாட்டியவர் ஜி. மற்றவர்களைப் பற்றி நாலு நல்ல தகவலாவது கிடைக்கிறது. ஜியைப் பற்றியோ எல்லாம் இல்லை, அல்ல, ஆகாது என்றே இருக்கிறது. ஜி ஓரத்தில் இல்லை. ஜிக்குத் திராட்சை பிடிக்காது. ஜி, பிக்கும் அடுத்தவர் அல்லர், எச்சுக்கும் எதிரே இருப்பவர் அல்லர். யாருக்கும் பக்கத்தில் இல்லாத, எதையும் விரும்பாத, ஆயினும் கணக்கு முடிவதற்கு இன்றியமையாதவராகிய அந்த மனிதர் யாராக இருக்கக்கூடும் என்று நான் விடியற்காலையில் என் மனைவியைக் கேட்டேன்.

"ரிட்டையரானவரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் கிளையில் வட்ட மேஜை கிடையாது. நாற்காலிகள் நேர்கோட்டில் போடப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஒரே திசையை, அதாவது கணினியை, நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். பழங்களைப் பற்றிய பேச்சே இல்லை. இவ்வளவு சுலபமான ஏற்பாட்டில், லீவில் இருப்பவரின் சீட்டுக்கு இன்று யார் என்ற கேள்விக்கு மாத்திரம், வட்ட மேஜைகளை ஊதித் தள்ளிவிட்டு வந்தவர்கள் ஒருவரிடமும் விடையில்லை.

இதற்குக் காரணமும் அந்தப் பரீட்சையிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். விடை எழுதாமல் விட்டுவிட்டால் ஒன்றும் கழியாது. வங்கிப் பரீட்சைப் பயிற்சிக்கென்றே பேர்பெற்ற ஆந்திரத்து நந்தியாலிலிருந்து எங்கள் தெருமுனை டியூஷன் மாடி வரையில் இதுவே முதல் உபதேசம்: நிச்சயம் இல்லையா, தொடாதே, அடுத்த கேள்விக்குப் போ. இருபதிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள், மனம் இளகி எதையும் பதித்துக்கொள்ளும் பருவத்தில், வருஷக்கணக்காக இந்த மந்திரத்தை ஜபித்துச் சித்தி பெற்றவர்களிடம் போய், மூன்று பெயரும் ஒருவனா என்று கேட்டால் என்ன கிடைக்கும்? உத்தியோகத்துக்குள் நுழைந்த பிறகாவது மந்திரம் மாறுகிறதா என்றால், அங்கேயும் அதே கால் மதிப்பெண்தான். கொடுத்த கடன் வராமல் போனால், கொடுத்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். கொடுக்காத கடனுக்கு விளக்கம் கேட்டு எந்தத் தலைமை அலுவலகமும் யாருக்கும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. நான்தான் மூவரும் என்று அந்தப் பெண் ஒப்புக்கொண்டு, நாளைக்கு மூவரும் வெவ்வேறு ஆசாமிகள் என்று வெளிப்பட்டால் நஷ்டம் அவருக்கு. என்னைத் திருப்பி அனுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆட்டோக்காரருக்கு லாபமும் உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கேட்கப்படாத கேள்விக்கும் விடை தருகிறார்கள். நான் பத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிய தருணத்தில், "இன்ஷூரன்ஸ் ஏதாவது போட்டிருக்கீங்களா, சார்? நல்ல ஸ்கீம் ஒண்ணு வந்திருக்கு" என்று அதே பெண் அன்போடு விசாரித்தார். மூன்று நானில் எந்த நானுக்கு என்று கேட்க நா துடித்தது, கேட்கவில்லை. மாலையானால் மேலதிகாரிக்கு டார்கெட் கணக்கு ஒப்பிக்க வேண்டியவர் அவர். நானோ மாலையானால் வெறுமனே காபி சாப்பிடுகிறவன். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்த பிறகு, நாங்களெல்லாம் வாசலில் வெயிலில் நின்று திட்டிக்கொண்டிருந்த நாட்களில், உள்ளே இரவு வெகுநேரம் வரையில் நோட்டை எண்ணிக் கை மரத்துப் போனவர்களும் இந்த ஜாதியார்தாம். அந்த வாரங்களில் யாரும் யாருடைய சீட்டும் லீவு என்று சொல்லக் கேட்டதில்லை. ஆகவே முடியாது என்பதில்லை. முடியும் என்பது தெரிந்துவிட்டதுதான் என் எரிச்சலுக்கு நெய் வார்க்கிறது.

நிற்க, சீர்திருத்தத்துக்கு வருகிறேன். எழுத்தர் பதவிக்கு நேர்முகத் தேர்வு என்பது 2016-ஆம் ஆண்டு வாக்கிலேயே எடுபட்டுப் போயிற்று. ஆகவே, மனித முகம் ஒன்றைப் பார்த்துப் பேசுவது எப்படி என்பதை இளைஞர்கள் முதன்முதலாகப் பயிலுவது நம்முடைய முகத்தில்தான். நேர்முகத்தைத் திரும்பக் கொண்டுவரலாமே என்பீர்கள். கூடாது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சிபாரிசுக் கடிதமும் வந்து சேரும். என் யோசனை அதைவிட எளிது, செலவில்லாதது. ஆனால் அதைச் சொல்லுமுன் கையொப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் விஷயம் முழுமை பெறாது.

என் கையொப்பத்தின் மாதிரி ஒன்று வங்கியில் இருக்கிறது. அது நான் கல்யாணத்துக்கு முன் போட்டது. ஒரு துள்ளலும், கடைசியில் கொடி வீசியது போன்ற சுழியும் அதில் உண்டு. போன மாதம் நான் கொடுத்த செக் ஒன்று கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. விசாரிக்கப் போனபோது வேறொரு நாற்காலியில் இருந்த இளைஞர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அந்தப் பழைய சுழியைக் காட்டி, மிகுந்த மரியாதையோடு, "வீட்ல கொஞ்சம் எழுதிப் பழகிட்டு வாங்க, சார்" என்றார். பேரன் நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகும் மேஜையிலேயே நானும் உட்கார்ந்து, சீர்திருத்தத்தை எழுதுவதற்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் அத்தனையிலும் கையொப்பமிட்டுப் பார்த்துவிட்டேன். துள்ளல் ஓரளவு வந்துவிட்டது. சுழிதான் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் சாய்கிறது. தாள் தீர்ந்துவிட்டபடியால் பேரனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.