வித்துட்ட மாமா

மெர்லிமாவில் பழைய காடிகள் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில், காடிகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறவர் ஒருவர் உண்டு. எந்தச் சங்கத்திலும் அவர் உறுப்பினர் இல்லை. பழைய காடியும் அவரிடம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, வித்துவிட்டார். அதுதான் அவருடைய தகுதிச் சான்றிதழ். வீட்டில் அவருக்கு என்ன பெயரோ, திடலில் அவர் ‘வித்துட்ட மாமா’.

‘ஒருவர்’ என்றது மரியாதைக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு காடிக்கு முன்னால் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டும் அறுபது தாண்டிய ஆண்கள் எல்லாரும் இந்த இனம்தான். வைத்திருப்பவர்கள் இருபது பேர் என்றால் வித்தவர்கள் நூறு பேர் வருகிறார்கள். வைத்திருப்பவன் பேசாமல் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். வித்தவர்தான் பேசுவார்.

காடிகள் மூவாரிலிருந்தும் ஜாசினிலிருந்தும் மலாக்கா டவுனிலிருந்தும் வருகின்றன. ஐந்தாம் நம்பர் கூட்டரசுச் சாலையில் வரிசை பிடித்து வரும்போது பின்னால் மாட்டிக்கொண்ட லோரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு பையன்கள் கையசைப்பார்கள். இதைக் கண்காட்சி என்று யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. “டீ.டீ. போடுறோம் அங்கிள்” என்பார்கள். தே தாரேக் குடிக்கப் போகிறோம் என்று அர்த்தம். ஆளுக்கொரு கிளாஸ் தே தாரேக் குடிக்க ஆளுக்கொரு காடியைக் கழுவி, மெழுகு போட்டு, முப்பது கிலோமீட்டர் உருட்டி வரவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் 1950-லிருந்து இதையே கோல்ப் மைதானத்துப் புல்லில் நிறுத்திச் செய்கிறார்கள். அங்கே நடுவர்கள் உண்டு, மார்க் உண்டு. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் 1905-க்கு முந்தி செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். நம் ஊரில் விதி கொஞ்சம் தளர்வு. வந்து சேர்ந்தால் போதும். கடைசி ஒரு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் வந்ததாகவே கணக்கு. நடுவர் வேலையை மட்டும் மாமா பார்த்துக்கொள்கிறார், சம்பளம் இல்லாமல், யாரும் கேட்காமல்.

அவர் பரிசோதிக்கும் முறையே தனி. முதலில் ஒரு சுற்று, தொடாமல். இரண்டாவது சுற்றில் மட்கார்டை மடக்கிய விரலால் ‘டொக் டொக்’ என்று தட்டுவார். தகரமா, மேலே பூசிய பூச்சா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாராம். சொந்தக்காரப் பையனின் முகம் அந்த இரண்டு தட்டில் வெளுத்துவிடும். பிறகு குனிந்து அடியைப் பார்ப்பார். குனிந்தவர் நிமிர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை இடுப்பு வலி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக, “ஹ்ம்ம்… சைலன்சர் மாத்தியிருக்கான்” என்று கீழேயிருந்தே ஒரு குரல் வரும்.

மோரிஸ் மைனருக்கு முன்னால் அவர் அதிக நேரம் நிற்பதில்லை. அது கிராணியார் காடி. தோட்டத்தில் துரைக்கு ஒன்று, கிராணியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு சைக்கிள் என்றிருந்த காலத்து வண்டி. 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, பதினாறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு உலகமெல்லாம் போன மோரிஸ் மைனர், மாமா பிறந்த லயத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றுதான். அதன் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை ‘படக்’கென்று நீட்டிக்கொண்டு, வளையப்போகும் திசையைக் காட்டும். இப்போது அதைப் பார்க்கும் பிள்ளைகள் ஏதோ கழன்று தொங்குகிறது என்று ஓடிவந்து சொல்கிறார்கள். மாமா அவர்களுக்கு விளக்கம் சொல்வார். ஆனால் அதில் உரிமைக்குரல் இருக்காது. கிராணியாருடையதை எப்படித் தான் வித்ததாகச் சொல்வது?

பென்ஸ், தவுக்கே காடி. அதையும் ஒரு பார்வையில் கடந்துவிடுவார்.

சிக்கல் வருவது புரோட்டோன் சாகாவிடம். நட்சத்திரமும் பிறையும் பதித்த அந்த முதல் சாகாவை வரிசையில் பார்த்ததும் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். “இது என்னாத்துக்கு இங்க நிக்குது? இது நேத்து வந்த காடிப்பா!” நேற்று என்பது 9 ஜூலை 1985. அன்று மகாதீர் அதை அறிமுகப்படுத்தியதை டிவியில் பார்த்தவர் அவர். அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறந்தபோது பிரதமர் சாகாவில் கடந்ததையும் பார்த்தவர். “நாப்பது வருஷமாச்சு அங்கிள். கிளாசிக்தான்” என்று பையன் பணிவாகச் சொல்வான். மாமா மனசுக்குள் கழித்துப் பார்ப்பார். சாகா வந்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. சாகா பழைய பொருள் என்றால் அவர் என்ன பொருள்? இந்தக் கணக்கு பிடிக்காமல் வேகமாக நகர்வார். நகர்ந்த இடத்தில், மூன்றாவது வரிசைக் கடைசியில், அது நிற்கும்.

டட்சன் 120ஒய். கடுகு மஞ்சள்.

இங்கே நடப்பதை அனுபவமுள்ள பையன்கள் முன்கூட்டியே அறிந்து நாற்காலியை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். மாமா கையை முன்னால் கொண்டுவருவார். கூரை மேல் உள்ளங்கையை வைப்பார். “இதேதான்” என்பார். “இதே கலரு.” பிறகு இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்வார். உள்ளே 1171 சி.சி. ஏ12 இன்ஜின், கைவிட்டால் சுற்றிலும் இடம் இருக்கும்படி உட்கார்ந்திருக்கும். “பாத்தியா? இப்ப வர்ற காடியில விரல்கூட நொழையாது. இதுல நான் உள்ள நின்னுக்கிட்டே பிளக் மாத்துவேன்.” மாமாவின் இன்றைய சுற்றளவைப் பார்த்துவிட்டுப் பையன் ஒன்றும் சொல்லமாட்டான்.

“எவ்வளவுக்கு வித்தீங்க அங்கிள்?”

இதைக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இதற்குப் பதில் 1,500 வெள்ளி. அடுத்ததில் 1,200. அப்புறம் 800. இந்த முறை 500-க்கு வந்து நிற்கிறது. சந்தையில் டட்சனின் விலை ஏற ஏற, மாமா அன்றைக்கு வித்த விலை இறங்கிக்கொண்டே போகிறது. இந்தப் போக்கில் போனால் இன்னும் இரண்டு கூட்டத்தில் அவர் சும்மா கொடுத்திருப்பார். அதற்கடுத்ததில், எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மேல்காசும் கொடுத்திருப்பார்.

காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ஏமாத்திட்டான், தெரியாம குடுத்திட்டேன், தம்பி தொல்லை தாங்கல. நிஜக் காரணம் பல வீடுகளில் ஒன்றுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடு போய்த் தாமான் வீடு வந்தது. லயத்துக்கு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் எத்தனை காடி வேண்டுமானாலும் நிற்கலாம். தாமான் வீட்டுப் போர்ச்சில் நிற்பது ஒன்று. அதற்குள் 1994 வந்தது, கஞ்சில் வந்தது. தள்ளாமல் ஓடும் காடி, புத்தம்புதுசு, மாதத் தவணை. கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். அப்படிச் சருகுமான் ஒன்று வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியதைப் பார்த்துத்தான் பரமேஸ்வரன் மலாக்காவில் அரசு அமைத்தான் என்பது கதை. ராஜாவையே உட்கார வைத்த சருகுமான் மாமாவையா விட்டுவைக்கும்? டட்சனை வித்த காசு கஞ்சிலுக்கு முன்பணமானது. அந்தக் கஞ்சிலையும் பிறகு வித்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கஞ்சில் கூட்டம் ஒன்று வரட்டும், பார்க்கலாம்.

மாமா சாதாரணமாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. டட்சன் அவர் வாங்கியதல்ல. ஜாசின் லாலாங் தோட்டத்தில் பால் வெட்டிய அவருடைய அப்பா, 55 வயதில் எடுத்த இ.பி.எப். காசில், 1984-இல் இரண்டாங்கையாக வாங்கியது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. முன் சீட்டில் தோளில் துண்டோடு உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு போவார். ‘மெதுவா போப்பா’ என்பார், ஊர் பார்க்கவேண்டுமே. இதைச் சொல்ல ஆரம்பித்தால் மாமாவுக்குத் தொண்டை அடைக்கும் என்பதால், கார்புரேட்டர் பற்றிப் பேசுவார்.

அத்தை கூட வந்திருந்தால் மட்டும் கதை வேறு தடத்தில் ஓடும். கையில் கச்சான் பொட்டலத்தோடு நிழலில் உட்கார்ந்திருக்கும் அத்தைதான் இந்தக் கூட்டத்தின் ஒரே வரலாற்று ஆசிரியர்.

“ஒரு நாள் நின்னது இல்ல தம்பி, அந்தக் காடி” என்று மாமா சொன்னால், “ஆமா, ஒரு நாள் இல்ல” என்பார் அத்தை. “செங் சன்னாசிமலைக்கு மாசிமகத்துக்குப் போனோமே, அன்னிக்கு மட்டும் மூணு தடவ நின்னுச்சு. பட்டுச் சேலையோட நான் தள்ளுனேன். இவரு ஸ்டேரிங் புடிச்சிக்கிட்டு ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’னு சொல்லிக்கிட்டு வந்தாரு.”

“அது பேட்டரி…”

“மழை பேஞ்சா வைப்பர் ஓடாது. ஓடுனா லைட்டு எரியாது. கால் வைக்கிற எடத்துல ஓட்டை. பிள்ளைங்க ரெண்டும் கீழ ரோடு ஓடுறதப் பாத்துக்கிட்டே வரும். அதுங்களுக்கு அதான் டிவி.”

மாமா சிரிப்பார். பையன் சிரித்தால் மட்டும் பிடிக்காது.

அத்தை அதோடு விடமாட்டார். டட்சன் போனாலும் அதன் நாலு நம்பர் போகவில்லை. புதன், சனி, ஞாயிறு, வாரம் மூன்று குலுக்கலுக்கும் மாமா ஒவ்வொரு வெள்ளி அந்த நம்பரில் எழுதுகிறார். வருஷத்துக்கு 156 வெள்ளி. அத்தையின் கணக்குப்படி டட்சனை வித்த காசு முதல் பத்து வருஷத்திலேயே நம்பர் கடைக்குப் போய்விட்டது, அதற்கப்புறம் கைக்காசு. வைத்திருந்தால்கூட ரோட்டாக்ஸோடு முடிந்திருக்கும். ஒரே ஒரு தடவை கன்சலேஷனில் விழுந்து அறுபது வெள்ளி வந்தது. அதை மாமா டட்சன் சம்பாதித்துக் கொடுத்த காசு என்று தனியாக வைத்திருந்தார். பர்சில் இன்னொன்றும் வைத்திருக்கிறார்: காடியின் பழைய கிராண்டு, ஜெராக்ஸ் நகல், நாலாக மடித்தது. கல்யாணப் போட்டோ எங்கே என்று கேட்டால் அத்தைதான் தேடிக் கொடுக்கவேண்டும்.

நகலை விரித்து, சேஸிஸ் நம்பரை இந்த மஞ்சள் டட்சனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. எழுத்து தேய்ந்துவிட்டதால் பையன்தான் போனில் விளக்கு அடித்துப் படிக்கவேண்டும். பொருந்தாது. இதுவரை பொருந்தியதில்லை. பொருந்தினால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. பொருந்தாததில் மாமாவுக்கு ஒரு நிம்மதிகூட இருக்கலாம். தன்னுடையது இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்ற வார்த்தையை அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை, அத்தைகூட.

கிளம்பும் நேரத்தில் கடைசிச் சடங்கு.

“தம்பி, குடுக்கிறதா இருந்தா சொல்லு.”

“இப்ப இல்ல அங்கிள்.”

“சும்மா கேக்கிறேன். எவ்வளவு போவும்?”

“முப்பதாயிரம் கேக்கிறாங்க அங்கிள்.”

மாமா நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு, “நான் மூவாயிரம் தரேன். கேஷ்” என்பார். பிறகு தன் போன் நம்பரை எழுதிக் கொடுப்பார், யாரிடமும் கொடுக்கும் முன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு. பையன் மரியாதையாக வாங்கிப் பதிவு செய்துகொள்வான். அவன் போனில் ‘வாங்கமாட்டார் 1’, ‘வாங்கமாட்டார் 2’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மாமா பதினேழு.

போன மாதம் அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர், மூவார் பக்கத்துக்காரர், நிஜமாகவே முப்பதாயிரத்தோடு கூப்பிட்டிருக்கிறார். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டுப் போர்ச்சிலும் ஒரு காடிதான் நிற்கும். இரண்டு வாரமாக அவன் அந்தப் போனை எடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறான். போன ஞாயிறு மாமாவிடம் வந்து, தலையைச் சொறிந்தபடி, அந்தப் பழைய கிராண்டை எத்தனை நகல் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது என்று கேட்டான்.