கோப்பும் கோப்பையும்: அலுவலகத் தலைமைப் பழக்கங்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

அலுவலகத் தலைமை என்பது பதவி உயர்வு ஆணையோடு உறையிலிட்டு வருவதா, நாள்தோறும் செய்யும் சிறு செயல்களால் ஒருவரிடம் ஊறி வருவதா என்னும் வினாவுக்கு மேலாண்மை அறிஞர் பலர் பின்னதையே விடையாகக் கொண்டு, அச்செயல்களுக்குப் பழக்கங்கள் எனப் பெயரிட்டு எண்ணத் தொடங்கினர். பீட்டர் டிரக்கர் 1967இல் ஐந்து என்றார். ஸ்டீபன் கவி 1989இல் ஏழு என்றார். 22 ஆண்டுகளில் இரண்டு கூடியிருப்பதால், பழக்கங்கள் 11 ஆண்டுக்கு ஒன்று வீதம் பெருகுகின்றன என்பதும், எட்டாவது 2000இலும் ஒன்பதாவது 2011இலும் பத்தாவது 2022இலும் வெளிவந்திருக்க வேண்டும் என்பதும் எளிய கணக்கால் பெறப்படும். எட்டாம் பழக்கத்தைக் கவியே 2004இல் தனி நூலாக்கினார். நான்காண்டுத் தாமதம், கோப்பு எந்த மேசையிலோ தங்கியதால் நேர்ந்திருக்கலாம். எஞ்சிய ஒன்பதும் பத்தும் தமிழ்நாட்டு அரசு அலுவலகப் பிரிவுகளில் நெடுநாளாகவே புழங்கி வருவன என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரையறைகள்

பிரிவு என்பது கண்காணிப்பாளர் ஒருவரும், அவருக்குக் கீழ் உதவியாளர், இளநிலை உதவியாளர் சிலரும், இவர்கள் அனைவரையும்விட மிகுதியான கோப்புகளும் அமர்ந்திருக்கும் இடம். தலைமை என்பது, மேலதிகாரியின் அறையிலிருந்து அழைப்பு வரும்போது பிரிவிலுள்ளோர் எவருடைய முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றனரோ அவரிடத்து உள்ள பண்பு. அம்முகம் கண்காணிப்பாளருடையதாகத்தான் இருத்தல் வேண்டும் என்று விதியில்லை. பணிமூப்பில் கடைசியாக நிற்கும் இளநிலை உதவியாளருடையதாகவும் அது இருக்கலாம்.

இங்கு, தலைமையின் அடையாளம் நாற்காலியின் முதுகில் விரித்த துண்டே எனக் கூறும் துண்டுக் கொள்கையினரை மறுத்தல் கடமையாகிறது. வியர்வையை உறிஞ்சுவதற்கென வந்த துண்டு, நாளடைவில் உட்கார்ந்திருப்பவரின் தகுதியைக் குறிப்பதாயிற்று என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுக்குரிய 12 நாள் தற்செயல் விடுப்பில் ஒன்றைக்கூடத் துண்டு எடுப்பதில்லை. தன்னை விரித்தவர் விடுப்பெடுத்த நாளிலும் அது பணியில் இருக்கிறது. ஆகவே துண்டு வருகை ஒழுங்குக்குச் சான்றாகலாமேயன்றித் தலைமைக்குச் சான்றாகாது.

3. ஒன்பதாம் பழக்கம்: தேநீர்

முற்பகல் பதினொரு மணியளவில் பிரிவு முழுவதும் அலுவலக வாயிலுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு இடம்பெயரும் நிகழ்வு, அலுவல் நடைமுறை நூல் எதிலும் இடம்பெறாதது. எனினும் அந்நூல்களின் விதிகள் எவற்றைக் காட்டிலும் தவறாமல் கடைப்பிடிக்கப்படுவது. காசு கொடுக்கும் தறுவாயில் வெளிப்படும் கைகள் மூவகை. கண்ணாடிக் குவளை காலியாகும் முன்பே சட்டைப்பையை எட்டுவது முந்துகை. எட்டியும் எட்டாமலும் பைக்கருகே நின்று, மற்றொருவர் கொடுத்த பின் முழு விரைவோடு வெளிப்படுவது தயங்குகை. அவ்வேளையில் மட்டும் தொலைபேசியைக் காதில் வைத்துச் சாலையோரம் நகர்வது ஒதுங்குகை. கடைப்பலகையில் க்யூஆர் அட்டை ஒட்டப்பட்ட பின்னரும் இவ்வகைப்பாடு மாறவில்லை. தயங்குகைக்கு ‘நெட்வொர்க் இல்லை’ என்னும் கூடுதல் துணை கிடைத்ததே மாற்றம்.

முந்துகை உடையவரே தலைவர் எனத் துணிவது முதிராத முடிவு. நாள்தோறும் காசு கொடுப்பவர் புரவலர் ஆவார். புரவலரைப் பாடுவர், ஆனால் மேலதிகாரி அழைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். வந்தோரை எண்ணாமல் வராதவரை எண்ணுபவர் வேறொருவர் உண்டு: தணிக்கைக்கு விடையெழுதிக்கொண்டு மேசையிலேயே தங்கிவிட்டவருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் ஒன்றைப் பார்சல் சொல்பவர். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு லைட், யாருக்கு ஸ்ட்ராங் என்பதை அறிந்தவருக்கு, யாருடைய மேசையில் எந்தக் கோப்பு ஏன் நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே கவனத்தின் இரு பயன்களாம்.

அலுவலக நிர்வாகத்தை நையாண்டி செய்து எழுதிய பார்க்கின்சன் தம் கற்பனையில் அமைத்த நிதிக்குழு, ஒரு கோடி பவுண்டு அணு உலைத் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் ஏற்றுவிட்டு, கூட்டச் சிற்றுண்டிச் செலவை ஒன்றேகால் மணி நேரம் விவாதித்தது. அவர் இதை எள்ளி நகையாடினார். ஆயின் நம் பிரிவுகளில், மேசையில் மூன்று நினைவூட்டுக் கடிதங்களாலும் தீராத சிக்கல் டீக்கடைப் பலகையில் ஒரு வடை தீர்வதற்குள் தீர்ந்துவிடுவதால், அந்த ஒன்றேகால் மணியில் அணு உலையும் பேசப்பட்டிருக்கும் என ஐயுற இடமுண்டு.

4. பத்தாம் பழக்கம்: குறிப்பின் கடைசி வரி

கோப்பில் இரு பகுதிகள் உள்ளன: வந்த தாள்களும் சென்ற தாள்களும் அடங்கியது நடப்புக் கோப்பு, அவற்றின் மேல் அலுவலகம் நினைப்பதை எழுதுவது குறிப்புக் கோப்பு. உதவியாளர் எழுதிய குறிப்பு கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம் பெற்று அலுவலரிடம் ஏறும். நிகழ்வு, விதி, முன்நிகழ்வு ஆகியவற்றை எவரும் ஒன்றுபோல் எழுதிவிடுவர். எழுதியவர் யார் என்பது கடைசி வரியில்தான் தெரியவரும். ‘தக்க ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என முடிவது பணிவு வகை. ‘ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம்’ என முடிவது இருமுனை வகை. இதில் எழுதியவர் எந்நாளும் தவறுவதில்லை. ‘விதிப்படி தகுதி உள்ளது, ஏற்கலாம்’ என முடிவது துணிவு வகை.

துணிவு வகை அருகியிருப்பதன் காரணம் சோம்பலன்று, அச்சம். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் சிறு தண்டனைக்கு வழிசெய்வது 17(அ), பெருந்தண்டனைக்கு வழிசெய்வது 17(ஆ); குறிப்பாணை எந்த எழுத்தில் வருமோ என்று எண்ணுபவர் கடைசி வரியைக் காலியாக விடுவதில் வியப்பில்லை. காலியான வரியைக் காணும் அலுவலர் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதுவார், கோப்பு இறங்கும், பேசச் சென்ற நாளில் அலுவலர் முகாமில் இருப்பார். இறந்த ஊழியரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் கோப்பாக அது இருப்பின், இரு தரப்புக் கவனத்தின் விலையையும் அவரே செலுத்துகிறார்.

ஆகவே பத்தாம் பழக்கம் இரு கூறு உடையது. குறையாகக் கண்ட சான்றுகள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுதல் முதற்கூறு. வாரத்துக்கு ஒரு குறை கண்டுபிடிப்பவர் நுட்பமானவராகத் தோன்றுவாரேயன்றித் தலைவராகார். கடைசி வரியில் தம் கருத்தை எழுதி, அதன் கீழ்த் தம் சுருக்கொப்பத்தைப் படிக்கத்தக்கவாறு இடுதல் இரண்டாங்கூறு. பின்னாளில் விளக்கம் கேட்கப்படும்போது, ‘நான் வைத்த குறிப்புத்தான்’ என்று சொல்லக் கூடியவரை நோக்கியே பிரிவின் முகங்கள் திரும்புகின்றன.

5. மறுப்பும் விடையும்

திறமையுடையவர் தமக்குத் திறமையில்லாத பதவியை எட்டும்வரை உயர்வர் என்று லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969இல் கூறியதைக் காட்டி, நற்பழக்கமுடையவரும் கண்காணிப்பாளரானதும் துண்டு விரித்து அமைந்துவிடுவார் எனச் சிலர் மறுக்கலாம். பதவிக்காகப் பழகியவருக்கு அது பொருந்தும். பதவி வருமுன்பே பழகியவர் துண்டை விரித்தாலும் கடைசி வரியை விடமாட்டார்.

திருக்குறளில் அரசியல் என்னும் இயலின் 25 அதிகாரங்களுள் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்து நிற்றல், பதினொரு மணிக்கும் டீக்கடைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டுவதாக எவ்வுரையாசிரியரும் கூறவில்லை, மறுத்துரைத்ததாகவும் தெரியவில்லை. அவற்றைத் தொடர்வன ஆளறிந்து தெளிதலும் தெளிந்தாரிடம் வினையை ஒப்படைத்தலும் பற்றிய அதிகாரங்கள் என்பது, தேநீருக்குப் பின் கோப்பு என்னும் வைப்புமுறைக்கு வலுச் சேர்க்கிறது.

6. முடிவு

வராதவரின் கோப்பையை நினைத்தலும், வந்த கோப்பில் கருத்தெழுதுதலும் நாள்தோறும் பழகத்தக்கன. முன்னதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர், பின்னதற்கு ஆகும் செலவு ஒரு வரி. துண்டு, பழையபடி வியர்வையை மட்டும் கவனித்துக்கொள்ள அனுமதிக்கப்படலாம். இப்பரிந்துரைகளைத் தக்க ஆணைக்காகச் சமர்ப்பிப்பது ஆய்வு மரபாயினும், கட்டுரையின் கொள்கைக்கு அது முரணாகும் என்பதால் கடைசி வரி பின்வருமாறு எழுதப்படுகிறது: ஏற்கலாம்.