விளக்கெண்ணெய்ப் படகு

எழுபதுகளில் சித்தப்பாவின் படகு ஓட மூன்று பொருள்கள் வேண்டும். ரேஷன் கடை மண்ணெண்ணெய், அம்மாவின் அலமாரியில் இருக்கும் விளக்கெண்ணெய், மருந்துக்கடையில் கெஞ்சி வாங்கும் ஈதர். ஏறக்குறைய சம அளவில் மூன்றையும் கலந்தால் எரிபொருள் தயார்.

சித்தப்பா கப்பலில் என்ஜினியர். இங்கிலாந்திலிருந்து ஒட்டுப்பலகைத் துண்டுகளாக வந்த மாதிரிப் படகை விடுமுறைதோறும் இழைத்து, ஒட்டி, வண்ணம் பூசி முடித்தார். நீளம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே இ.டி. ரேசர் என்னும் 2.46 சி.சி. டீசல் என்ஜின். அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் சூட்டிலேயே ஈதர் பற்றிக்கொள்ளும், மண்ணெண்ணெய் எரிந்து வலுக் கொடுக்கும், விளக்கெண்ணெய் உராய்வைத் தாங்கும்.

செங்கல்பட்டு கொளவாய் ஏரிக் கரையில் சடங்கு தொடங்கும். ஃப்ளைவீலின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிச் சித்தப்பா சுண்டி இழுப்பார். மேலே இருக்கும் திருகைச் சற்று இறுக்குவார், ஊசி வால்வைச் சற்றுத் தளர்த்துவார், மறுபடி இழுப்பார். பிடித்துக்கொண்டால் அந்த அலறலில் பேச்சே கேட்காது. ரேடியோ கிடையாது. சுக்கானை ஒரு பக்கம் திருப்பி வைத்துவிட்டால் படகு வட்டமடிக்கும். எண்ணெய் தீரும்வரை அதை நிறுத்த வழியில்லை. அதனால் இங்க் ஃபில்லரால் சொட்டு எண்ணி ஊற்றுவார். "டேய், அந்தக் கரைக்கு ஓடுங்கடா!" என்று அவர் கத்தினால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஓடுவோம். அந்தப் படகுக்கு அத்தனை பேரும் மாலுமிகள்.

சித்தப்பா காலமான பின் படகு என் வீட்டுப் பரணுக்கு வந்தது. ஈதருக்கு அலைய இப்போது எனக்குத் தெம்பில்லை. அந்த என்ஜின் துப்பும் எண்ணெய் தண்ணீரில் வானவில்லாகப் படர்வதைப் பார்க்க மனமும் இல்லை. "அப்பா, மோட்டார் போட்டா என்ன?" என்று மகள் கேட்டாள்.

முதல் வேலை மரத்தைச் சுத்தம் செய்வது. விளக்கெண்ணெய் ஊறிய பலகையில் எபாக்சி பிடிக்காது. சுரண்டி, துடைத்து, காயவைத்து, மறுபடி சுரண்ட வேண்டும். புரொப்பெல்லர் தண்டைக் கழற்றி, பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தோம். மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். கோணினால் படகு அதிரும், மின்சாரமும் வீணாகும். மகள் வாங்கியது பிரஷ்லெஸ் மோட்டார், 1000 கே.வி. அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று. இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 7.4 வோல்ட், ஆக 7,400 சுற்று. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, படகு பழைய நீர்க்கோட்டிலேயே மிதக்கும்படி வைத்தோம். சார்ஜ் ஏறும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். அது சரியான சட்டம்.

இப்போது கயிறும் இல்லை, புகையும் இல்லை. கையிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் விரலை அசைத்தால் படகு கிளம்புகிறது, நிற்கிறது, பின்னால்கூட வருகிறது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்திருக்கிறோம். ஏரிக்கரைக் கொக்குகள் பறந்து போவதில்லை. அக்கரைக்கு ஓட ஆளும் தேவைப்படவில்லை. அந்த ஒன்றுதான் எனக்குக் குறை. அதனால் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ரிமோட்டை முறைவைத்துக் கொடுக்கிறோம்.

புதுமை என்று நாம் நினைக்கும் இந்த முறைதான் உண்மையில் மூத்தது. 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ரேடியோவால் இயக்கிக் காட்டிய படகு பேட்டரியில்தான் ஓடியது. சித்தப்பாவின் டீசல் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. மின்சாரம் அவருடைய படகுக்குத் துரோகம் என்று தயங்கிய என் மனம் இதை எண்ணித்தான் சமாதானமடைந்தது.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். என்ஜின் உட்கார்ந்திருந்த மரக்கட்டைகளை அறுக்க விடவில்லை. அதே திருகுத் துளைகளில் ஓர் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, மோட்டாரை அதன்மேல் வைத்தோம். இ.டி. ரேசர் எண்ணெய் பூசிய துணியில் பத்திரமாக இருக்கிறது. நாளை யாராவது விரும்பினால் ஒரே மாலையில் அதைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு படகு கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாராளமாக மின்சாரத்துக்கு மாற்றுங்கள். ஆனால் பழையதில் எதையும் வெட்டாமல் மாற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் எடுத்து வையுங்கள்.