எஸ் படுத்தும் பாடு

2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகை உலகை உலுக்கிய கேள்வி விலைவாசியோ போரோ அல்ல. அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸின் பெயருக்குப் பின், உடைமை காட்ட, ஆங்கிலத்தில் மேற்கோமா மட்டும் போதுமா, இன்னொரு எஸ்ஸும் வேண்டுமா? போதும் என்றது அசோசியேட்டட் பிரஸ். எஸ் இல்லாமல் ஆகாது என்றது நியூயார்க் டைம்ஸ். ஜனநாயகத்துக்கு இதைவிட உருப்படியான வேலை உண்டா!

சென்னை மந்தைவெளிக்காரர்களுக்கு இந்தப் பொறுப்பே கிடையாது. செயின்ட் மேரீஸ் ரோட்டில் ஒரு கடைப் பலகையில் மேற்கோமா எஸ்ஸுக்கு முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் வெயிலில் உதிர்ந்தே போயிற்று. தபால் மட்டும் ஒழுங்காக வந்து சேர்கிறது. என்ன அலட்சியம்! பக்கத்து லாசரஸ் சர்ச் ரோடோ, முதல் சொல் எஸ்ஸில் முடிந்தும் மேற்கோமாவே கேட்காத அப்பாவி.

கமலாவும் பெசன்ட் நகர் தாத்தா கோபாலனின் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தால் வழக்கே எழுந்திருக்காது. நவம்பரில் வாக்காளர்களே தீர்ப்புச் சொன்னார்கள்: ‘ப்’பில் முடியும் பெயர்க்காரரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். இலக்கணம் பிழைத்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை நாடாள வேண்டுமானால் தாஸ், ஸ்ரீநிவாஸ் எல்லாம் வேண்டாம். ஜாதகத்தைப் பிறகு பாருங்கள். முதலில் கடைசி எழுத்தைப் பாருங்கள்.