கொசுவுக்குத் தொட்டில் கட்டுவது யார்?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் டெங்கு பரவக் காரணம் கொசுவா, மனிதரா?

பதில்: கடிப்பது கொசு, அதற்குத் தொட்டில் கட்டுபவர் மனிதர். டெங்கு வைரஸைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசு, சேமித்து வைத்த நல்ல நீரில் பெருகுவதால், குழாய்த் தண்ணீர் எப்போது வருமோ என்று அண்டாவையும் சிமெண்டுத் தொட்டியையும் மூடாமல் நிறைத்து வைக்கும் வழக்கம் அதற்கு வாழ்வளிக்கிறது. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் போதாது, வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். சில நூறு மீட்டரே பறக்கும் கொசுவால் கடக்க முடியாத மலையை, கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் இரத்தத்தில் வைரஸ் கடந்துவிடுகிறது. நோய் பெருகினால் அச்சம் தொட்டியை மூடவைக்கிறது. தணிந்தால் அலட்சியம் திறந்துவிடுகிறது. ஆகவே, முறையான குடிநீரும் காய்ச்சல் நாளுக்குக் கூலியும் கொசு மருந்துக்கு நிகரான தடுப்புகளே.